கடல் இருக்குன்னு சொன்னது ஒரு தப்பா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு கோயம்புத்தூர் வாசகர் "உங்க ராம்நாட்டுல அப்படி என்னதான் சார் இருக்கு?"ன்னு கேட்டிருந்தாரு, நானும் ஏதோ அவசரத்துல "கடல் இருக்கு"ன்னு ரெண்டே வார்த்தையில பதில் எழுதிட்டு போயிட்டேன். அதுக்கு இவ்வளவு தபால் வரும்னு சத்தியமா நினைக்கல. பாதிப் பேர் திட்டு, மீதிப் பேர் சொந்தக் கதை. அதனால இந்த தடவை சினிமா கேள்வி, ஜோசியக் கேள்வி எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு ஊர்க் கேள்விய மட்டும் எடுத்துக்குறேன். கச்சத்தீவு பத்தி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்கப்பா, அது ரெண்டு வரியில அடங்குற சமாச்சாரம் இல்ல, நான் ஒரு தடவை ரெண்டு வரியில எழுதி பட்டது போதும்.

கேள்வி: கடல் இருக்குன்னு சொல்றீங்க, கடல் கடலூர்லயும் தான் இருக்கு. தொழில் எங்க சார் இருக்கு? எங்க பனியன் கம்பெனி ஹாஸ்டல்ல முக்காவாசி உங்க மாவட்டத்துப் பசங்க தான். தண்ணியில்லா காடுன்னு சும்மாவா பேர் வச்சாங்க? – ஒரு வாசகர், திருப்பூர்

அண்ணே, கேட்டது நியாயமான கேள்வி தான், எனக்கு கோவம் இல்ல. ஆனா அந்தப் பேரு வச்சது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. உழுதவன் வைக்கல, வலை போட்டவன் வைக்கல. மெட்ராஸ்லயோ மதுரையிலயோ வசதியா உக்காந்திருந்த ஆளு மேலதிகாரிகிட்ட முறைச்சுக்கிட்டு டிரான்ஸ்ஃபர் ஆர்டரோட வந்து ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல டிரங்குப் பெட்டிய வச்சுக்கிட்டு வேர்க்க விறுவிறுக்க நிப்பாரு பாருங்க, அவரு வச்ச பேரு அது. சினிமாவுல அமைச்சர் போலீஸ்காரர மிரட்டுனா "தண்ணியில்லா காட்டுக்கு மாத்திருவேன்"னு தான் மிரட்டுவாரு, அந்தக் காட்டுல குடியிருக்குற நாங்களும் டிக்கெட் எடுத்து உள்ள போயி கை தட்டிட்டு தான் வந்திருக்கோம்.

மழை கம்மிங்கிறது உண்மை. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம், அதுவும் ஐப்பசி கார்த்திகையில மொத்தமா கொட்டிட்டு போயிரும், மிச்ச மாசம் வானத்த பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுக்காக தான் எங்க ஆளுங்க கம்மா வெட்டுனாங்க. ஆர்.எஸ்.மங்கலம் கம்மாய்க்கு "நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடை"ன்னு பேரு, நாரை கூட ஒரே மூச்சுல தாண்ட முடியாதாம். வைகையே எங்க ராமநாதபுரம் பெரிய கம்மாயில வந்து தான் அடங்குது, கடலுக்கு போறது மிச்சம் மீதி தான். இன்னொண்ணு சொல்றேன் சிரிக்காதீங்க, வாலிநோக்கம் முந்தல் பக்கம் கடலுக்குள்ள ஒரு தீவு இருக்கு, அதுக்குப் பேரு நல்லதண்ணித் தீவு. அந்த வரிசையிலயே இன்னொண்ணு இருக்கு, அது உப்புத்தண்ணித் தீவு. எது எதுன்னு பாத்து பேரு வச்சிருக்கான் பாருங்க மனுஷன்.

தொழிலுக்கு வருவோம். 1985 வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டம்னு சொன்னா சிவகாசி அதுல, ராஜபாளையம் அதுல, விருதுநகர் அதுல, காரைக்குடி அதுல. பட்டாசு, தீப்பெட்டி, அச்சாபீஸ், பஞ்சு மில்லு, எண்ணெய் வியாபாரம் எல்லாம் நம்ம மாவட்டக் கணக்கு தான். அந்த வருஷம் மூணா பிரிச்சாங்க, ஒரே ராத்திரியில ஆலை எல்லாம் பக்கத்து மாவட்டத்துக்கு போயிருச்சு, ஒரு செங்கல் கூட நகரல, கோடு தான் நகந்துச்சு. பாகப்பிரிவினையில வயலும் கிணறும் தம்பிமாருக்கு போயி, வீட்டுப் பேரும் பழைய கடனும் மட்டும் மூத்தவனுக்கு வந்த மாதிரி ஆகிப்போச்சு எங்க கதை. இப்ப உள்ள புள்ளிவிவரத்த எடுத்து வச்சுக்கிட்டு "ராமநாதபுரம் தொழில்ல பின்தங்கிய மாவட்டம்"னு பேசுறவங்க யாரும் இந்தக் கோட்டப் பத்தி பேசி நான் கேட்டதில்ல.

உங்க ஹாஸ்டல் பசங்க விஷயம் மறைக்க மாட்டேன். வர்றாங்க, இங்க வேலை பத்தல, அதான் வர்றாங்க. ஆனா ஊரு விட்டு போறது எங்களுக்கு புதுசு இல்ல, கீழக்கரையில வெளிநாட்டுல சம்பாதிக்குற ஆளுக்கு சபராளின்னு தனிப் பேரே இருக்கு. முன்ன கொழும்பு, பினாங்குன்னு கப்பல் ஏறினாங்க, இப்ப பஸ் ஏறி உங்க ஊருக்கு வர்றாங்க. பசங்கள நல்லா பாத்துக்கங்கண்ணே, மீன் கொழம்பு இல்லாம சோறு இறங்காது அவங்களுக்கு.

கேள்வி: எங்க அப்பா சின்ன வயசுல வாலிநோக்கத்துல கப்பல் உடைக்குற வேலை பாத்ததா சொல்லுவாரு. இப்ப அவரு இல்ல. என் பசங்க "தாத்தா ரீல் விட்டிருக்காரும்மா, அந்த ஊர்ல ஏது கப்பல்"னு சிரிக்குறாங்க. நீங்களாவது சொல்லுங்க, உண்மையா? – ஒரு வாசகி, பெரம்பூர்

உண்மை தாயி. நூத்துக்கு நூறு உண்மை. என் தாய்மாமாவும் அங்க கேஸ் கட்டரா இருந்தவரு தான், உங்க அப்பாவும் அவரும் ஒரே கப்பல்ல கூட வெட்டியிருக்கலாம், யாரு கண்டா.

எழுபது எண்பதுகள்ல வாலிநோக்கம்னா அதுதான் பேச்சு. அங்க கடல் உள்வாங்கி ஒரு வளைவா இருக்கும், காத்துக்கு மறைவு, அதனால பழைய கப்பல கொண்டாந்து கரையோரம் நிப்பாட்டி துண்டு துண்டா வெட்டுவாங்க. கப்பல் வருதுன்னு தெரிஞ்சா நாங்க பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு ஓடுவோம். தூரத்துல ஒரு கறுப்புப் புள்ளியா தெரியும், சாயங்காலத்துக்குள்ள ஒரு தெருவு மாதிரி பெருசா வந்து நிக்கும், அதுக்கு பக்கத்துல எங்க ஊரு வத்தைப் படகு எல்லாம் தேங்காச் சிரட்டை மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு வாரத்துல டக் டக்குன்னு சத்தம், ராத்திரியில நீலமா நெருப்பு தெரியும், மாசம் போகப் போக கப்பல் தேஞ்சுக்கிட்டே வரும், ஒரு நாளு பாத்தா முதுகெலும்பு மட்டும் தண்ணியில கிடக்கும், அதையும் வின்ச் வச்சு இழுத்துருவாங்க. பிளேட்டு எல்லாம் லாரியில ஏறி கம்பி ஆலைக்கு போயிரும்.

மிச்சம் எல்லாம் எங்களுக்கு. கட்டிலு, மெத்தை, வாஷ்பேசின், கயிறு, பீங்கான் தட்டு, என்ன பாஷைன்னே தெரியாத எழுத்து போட்ட பெட்டி, இதெல்லாம் விக்குறதுக்குன்னே கடை இருந்துச்சு, "கப்பல் சாமான்"னு சொன்னா அதுக்கு ஒரு மவுசு. எங்க வீட்டுல மாட்டுக்கொட்டாய்க்கு போட்டிருக்குற கதவு கப்பல் கதவு. அரை ஆளு கனம், சுத்தி ஆறு கொண்டி, நடுவுல வட்டமா ஒரு கண்ணாடி. மாடு அது வழியா எட்டிப் பாக்கும். ஆறு கொண்டியையும் மாட்டிட்டா உள்ள ஒரு சொட்டு தண்ணி போகாது, எந்தப் புயல் வந்தாலும் ஊர்ல எங்க மாடு மட்டும் முழுகாதுன்னு எங்க ஐயா சொல்லிச் சொல்லி சிரிப்பாரு.

அதுக்காக அது பொற்காலம்னு எழுத எனக்கு மனசு வரல. ஹெல்மெட்டாவது ஒண்ணாவது, காலுல ரப்பர் செருப்பு, தலையில துண்டு, அவ்வளவு தான். எண்ணெய் டேங்குக்குள்ள கேஸ் நிக்குதா இல்லையான்னு பாக்காம வெட்டப் போயி மாமாவுக்கு ஒரு தடவை இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. காண்ட்ராக்டர் பதினஞ்சு நாள் கூலியும் பஸ் காசும் குடுத்து ராமநாதபுரம் அனுப்பிவிட்டாரு, அதோட சரி. அவரு பேரு எதுக்கு இப்ப, அவரும் போயிட்டாரு. வலை போடுறவங்க வேற, தார் எண்ணெய் ஒட்டி வலை எல்லாம் கறுப்பாகுது மீன் ஒதுங்குதுன்னு சண்டைக்கு வருவாங்க, அவங்க சொன்னதும் சரி தான்.

ஏன் நின்னுச்சுன்னு கேட்டா டீக்கடையில ஆளுக்கு ஒரு கட்சிய சொல்லுவாங்க. நான் சந்திரன சொல்லுவேன். கப்பல் உடைக்க முதல்ல வேணுங்கிறது ஏத்தமும் வத்தமும். அமாவாசை பௌர்ணமிக்கு கடல் ஏறி நிக்கும்போது கப்பல முழு வேகத்துல கரைய பாத்து விடுவாங்க, அது வந்து சேத்துல சொருகிக்கும், தண்ணி வத்துனதும் கம்மா வத்துனப்புறம் நிக்குற எருமை மாதிரி தரையில நிக்கும், ஆளுங்க நடந்தே போயி வெட்டலாம். குஜராத்துல அலங்குன்னு ஒரு ஊரு, அங்க ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் 10 மீட்டர் வித்தியாசம் வரும், மூணு மாடி உயரம். நம்ம மன்னார் வளைகுடாவுல ஒரு மீட்டர் ஏறுனாலே அதிசயம். 1983ல அலங்ல உடைக்க ஆரம்பிச்சாங்க, ரொம்ப சீக்கிரத்துல உலகத்துலயே பெரிய கப்பல் உடைக்குற கரை அதுதான்னு ஆயிருச்சு. பெரிய கப்பல் எல்லாம் அங்க போயிருச்சு, எங்களுக்கு வந்தது சில்லறை, அப்புறம் அதுவும் இல்ல. மன்னார் வளைகுடாவுல 1986ல தேசியப் பூங்கா அறிவிச்சதுக்கப்புறம் அதுக்கு பக்கத்துல எண்ணெய கொட்டி கப்பல் வெட்டுறதுக்கு இனி யாரு ஓகே சொல்லப் போறாங்க. எம்எல்ஏ மேல கோவப்படலாம், சந்திரன் மேல யாரு மனு குடுக்குறது?

உங்க பசங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. தமிழ்நாட்டு அரசோட சிறு துறைமுகம் பட்டியல எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, கடலூர், நாகப்பட்டினம், பாம்பன், ராமேஸ்வரம், குளச்சல்னு போகும், அதுல வாலிநோக்கம் பேரும் இருக்கும். அது போதாதுன்னா லீவுக்கு கூட்டிட்டு வாங்க, கதவ காட்டுறேன்.

கேள்வி: 1964 புயல் மட்டும் வராம இருந்திருந்தா தனுஷ்கோடி இன்னைக்கு சிங்கப்பூர் மாதிரி இருந்திருக்கும்னு எங்க வாத்தியார் சொல்றாரு. ஒத்துக்குறீங்களா? – ஒரு கல்லூரி மாணவர், மண்டபம்

வாத்தியார் மேல மரியாதை வச்சுக்கிட்டே மறுக்குறேன் தம்பி.

புயல் கொடுமை தான், அதுல சந்தேகமே இல்ல. டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயில அப்படியே கடல் கொண்டுபோச்சு, அதுல இருந்த ஒருத்தர் கூட மிஞ்சல. ஸ்டேஷன், கஸ்டம்ஸ் ஆபீஸ், தபாலாபீஸ், கோயில், சர்ச்சு எல்லாம் போச்சு, மனுஷன் வாழ லாயக்கில்லாத ஊருன்னு கவர்மெண்டே எழுதிட்டாங்க. ஆனா பாம்பன் பாலத்த 46 நாள்ல சரி பண்ணி மறுபடி ரயில விட்டாங்க. கப்பலும் நிக்கல, தனுஷ்கோடிக்கு பதிலா ராமேஸ்வரத்துல இருந்து தலைமன்னாருக்கு போச்சு, ராமானுஜம்னு பேரு அந்தக் கப்பலுக்கு, நான் பாத்திருக்கேன். அது நின்னது எண்பதுகள்ல, இலங்கையில சண்டை ஆரம்பிச்சதும். அப்ப தான் நெஜமா கதவு சாத்துனது.

அதுக்கு முந்தி எழும்பூர்ல போட் மெயில் ஏறுனா கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்டு. 1914ல பாலம் தொறந்ததே அதுக்காக தான், ராமநாதசாமிய கும்பிட வர்றவங்களுக்காக வெள்ளக்காரன் ரெண்டு கிலோமீட்டர் இரும்ப கடல்ல நட்டான்னு நினைக்காதீங்க. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாரு சுமாரா 30 கிலோமீட்டர் தான், எனக்கு மதுரை அத விட நாலு மடங்கு தூரம். உங்க மண்டபம் கேம்ப் எதுக்கு வந்துச்சுன்னு நினைக்குறீங்க? சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு போற கூலி ஜனங்கள நிப்பாட்டி காலரா கீலரா இருக்கான்னு பாத்து அனுப்புறதுக்கு. அதே 1964ல, புயலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்து போட்டு அந்தத் தோட்டத்து ஜனங்கள்ல 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு முடிவாச்சு, அப்படி திரும்பி வந்த ஜனங்க இறங்குனதும் அதே ராமேஸ்வரம், தங்குனதும் அதே கேம்ப். 83க்கு அப்புறம் அகதிங்களும் அங்கேயே.

கரைக்காரங்க கணக்குல நாங்க நாட்டோட கடைசி இல்ல தம்பி, நடுவாந்திரம். ஒரு பக்கம் மதுரை, இன்னொரு பக்கம் கொழும்பு, நடுவுல நாங்க. அந்தப் பக்கம் அடைச்சதும் தான் முட்டுச் சந்து ஆனோம். முட்டுச் சந்துல யாரு கடை வைப்பா? 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டாங்க, 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் தொறந்தாங்க, நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு லிஃப்ட் மாதிரி மேல ஏறுது, பாக்க அழகா தான் இருக்கு. வர்றவங்க செல்ஃபி எடுத்துட்டு, ஒரு சங்கு வாங்கிட்டு, திரும்பிப் போயிடுறாங்க. அதுவும் பொழப்பு தான், இல்லேன்னு சொல்லல. ஆனா போட் மெயிலும் டூரிஸ்ட் வேனும் ஒண்ணாகாது.

கேள்வி: சேது சமுத்திரம் திட்டம் வந்திருந்தா எல்லாம் சரியாகியிருக்குமா? – ஒரு வாசகர், தொண்டி

கடல தோண்டி கப்பலுக்கு வழி விடுற அந்தத் திட்டத்த 2005ல மதுரையில தொடங்கி வச்சாங்க, 2007ல கோர்ட்டுல நின்னுச்சு. வந்திருந்தா கப்பல் எங்க முன்னாடியே தூத்துக்குடிக்கு போயிருக்கும், நாங்க கை காட்டியிருப்போம். மண்ணு தோண்டுனா மீன் பாடு போயிரும்னு வலைக்காரங்க அப்பவே பயந்தாங்க. எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இருந்ததில்ல.

கேள்வி: காலேஜ்ல என் ஊரு ஏர்வாடின்னு சொன்னதும் "அப்ப நீ நார்மலா?"ன்னு கேட்டு சிரிக்குறாங்க. என்ன பதில் சொல்றது? – ஒரு மாணவி, ஏர்வாடி

தர்காவுல குணமாகும்னு மனநோயாளிங்கள கொண்டாந்து விடுற ஊருங்கிறதால தான் அந்தச் சிரிப்பு. 2001 ஆகஸ்ட் 6 காலையில அங்க சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 மனநோயாளிங்க ஓடமுடியாம தீயில செத்துப்போனாங்க. சிரிக்குறவங்ககிட்ட அதச் சொல்லுங்கம்மா. அந்த ஜனங்க ஏர்வாடிக்காரங்க இல்ல, வெளியூர்ல இருந்து சொந்த வீட்டு ஆளுங்களே கொண்டாந்து விட்டுட்டுப் போனவங்க. தர்கா சந்தனக்கூடுக்கு எல்லா மதத்துக்காரங்களும் வர்ற ஊரு உன்னோடது. வேற பதில் வேணாம்.

கேள்வி: கப்பல் போச்சு, ரயில் போச்சுன்னு எழுதுறீங்களே, கடல் அட்டை தொழில் போனத ஏன் எழுத மாட்டேங்குறீங்க? ஊருக்கு சோறு போட்ட தொழில அநியாயமா தடை பண்ணி எங்கள எல்லாம் கடத்தல்காரன் ஆக்கிட்டாங்க. – ஒரு வியாபாரி, கீழக்கரை

காக்கா (கீழக்கரையில அண்ணன அப்படித்தான் கூப்பிடுவோம்), உங்க கோவம் புரியுது, பாதி நியாயமும் இருக்கு.

வெளியூர் வாசகருக்காக: கடல் அட்டைய நம்ம ஆளுங்க யாரும் வாயில வைக்க மாட்டாங்க. புடிச்சு, குடல எடுத்து, அவிச்சு, மண்ணுல புதைச்சு, சுரண்டி, காய வச்சு சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் அனுப்புறது, தலைமுறை தலைமுறையா நடந்த வியாபாரம். 2001ல அத வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணையில சேத்துட்டாங்க, புலி யானை இருக்குற அதே அட்டவணை. ஒரு அட்டைக்கும் ஒரு புலிக்கும் ஒரே கேஸு. அந்தப் பக்கம் இலங்கையில லைசென்ஸ் எடுத்துட்டு அதே அட்டைய முறையா புடிக்குறான். ஒரே கடலு, அட்டைக்கு எல்லை தெரியுமா? அதுல உங்க வயித்தெரிச்சல் எனக்கு முழுசா புரியுது. இப்ப எங்க ஊரு பேரு பேப்பர்ல வர்றதே "ராமநாதபுரம் அருகே கடல் அட்டை பறிமுதல்"னு தான், அதுவும் ஒரு அவமானம்.

ஆனா காக்கா, கைய நெஞ்சுல வச்சு சொல்லுங்க, கடைசி வருஷங்கள்ல விரலு தண்டி குட்டி அட்டைய கூட விட்டு வச்சோமா? முருகைக்கல்லையும், அதான் பவளப்பாறையையும், அப்படித்தான் பண்ணுனோம். வல்லம் வல்லமா வெட்டி சுண்ணாம்புக்கு குடுத்தோம், ஆலைக்கு குடுத்தோம், எங்க பழைய வீட்டுச் சுவரே அந்தக் கல்லு தான், நான் யோக்கியம் பேச முடியாது. மன்னார் வளைகுடாவுல 21 தீவு, அதுல பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இப்ப தண்ணிக்கு கீழ. கல்ல எடுத்தா தீவு நிக்காதுன்னு அப்ப யாருக்கும் உறைக்கல. தடை போட்டவங்க மேல எனக்குள்ள கோவம் வேற, மாத்து வேலை என்னன்னு ஒரு வார்த்தை சொல்லாம திங்கக்கிழமை வரைக்கும் வியாபாரமா இருந்தத செவ்வாக்கிழமை குத்தம்னு ஆக்குனாங்க பாருங்க, அது. நீங்க திட்டுறதுன்னா அதுக்கு திட்டுங்க, நானும் கூட வர்றேன்.

சங்கு பத்தி நீங்க எழுதியிருந்தது நல்லாருந்துச்சு. நம்ம கடல் சங்கு வங்காளத்துக்கு போயி கல்யாணமான பொண்ணுங்க கையில வெள்ளை வளையலா கிடக்குதுன்னு இங்க நிறையப் பேருக்கு தெரியாது.

கேள்வி: போனது எல்லாம் சரி. இப்ப ஓடுற தொழில் ஒண்ணாவது சொல்லுங்க. – ஒரு வாசகர், பரமக்குடி

உங்க ஊருலயே தறி ஓடுதே தலைவா, என்கிட்ட கேக்குறீங்க!

கரையில முதல் சொல்ல வேண்டியது உப்பு. அதே வாலிநோக்கத்துல அரசு உப்பு நிறுவனம் இருக்கு, 1974ல ஆரம்பிச்சது, அம்மா உப்புன்னு வந்துச்சே 2014ல, அப்புறம் நெய்தல் உப்புன்னு 2022ல, ரெண்டும் அவங்களோடது தான். தண்ணியில உப்பு எவ்வளவு இருக்குன்னு அளக்குறதும் டிகிரியில தான், கடல் தண்ணி 3 டிகிரியில இருக்கும், பாத்தி பாத்தியா மாத்தி வெயில்ல காய விட்டா 25 டிகிரியில உப்பு உக்கார ஆரம்பிக்கும், 29 தாண்டுனா கசப்பு சேந்துரும், அதுக்குள்ள மிச்சத் தண்ணிய வெளியேத்திரணும். இந்தக் கணக்க மீட்டர் இல்லாம நாக்குல வச்சே சொல்லுற பெரியவங்க இருக்காங்க. மழை பேஞ்சா அந்த வருஷம் நட்டம். ஊரே மழைக்கு வேண்டும்போது எங்க உப்பளத்துக்காரன் மட்டும் வேண்டாம்னு வேண்டுவான், வெயிலு தான் அவனுக்கு மூலதனம். ஆனா வேலை பாக்குற பொம்பளைங்க காலப் பாத்தீங்கன்னா பாளம் பாளமா வெடிச்சிருக்கும், கண்ணு வெள்ளையப் பாத்துப் பாத்து கூசிப்போயிருக்கும்.

அப்புறம் பாசி. விரல்ல துணிய சுத்திக்கிட்டு, கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கிட்டு, முங்கி முங்கி மரிக்கொழுந்து பாசியும் கட்டக்கோரையும் எடுக்குற பொம்பளைங்க எங்க கரையில நிறைய. தீவு பக்கம் போனா வனத்துறை விரட்டும், போகலேன்னா அடுப்பு எரியாது. ரெண்டாயிரம் வாக்குல மூங்கில் மிதப்புல கட்டி வளக்குற புது பாசி ஒண்ணு வந்துச்சு, பெப்சி கம்பெனி கொண்டாந்ததால இன்னைக்கும் அதுக்கு பேரு பெப்சி பாசி தான், கம்பெனி கை மாறி ரொம்ப நாளாச்சு. ஐஸ்கிரீம்ல இருந்து பேஸ்ட்டு வரைக்கும் கெட்டியாக்குற சாமான் பாசியில இருந்து எடுக்குறாங்க.

கரிய விட்டுறக் கூடாது. சீமைக்கருவேலத்த எல்லாரும் திட்டுறாங்க, நானும் திட்டுவேன், நெலத்தடி தண்ணிய உறிஞ்சுது அது இதுன்னு. ஆனா மழை பொய்ச்ச வருஷம் கரிமூட்டம் போட்டு தான் எத்தனையோ வீட்டுல உலை கொதிச்சுது, அது எந்த தொழில் பட்டியல்லயும் வராது.

கேள்வி: கமுதியில அவ்வளவு பெரிய சோலார் வந்திருக்கே, அது தொழில் வளர்ச்சி இல்லையா? – ஒரு இன்ஜினியர், ஓசூர்

648 மெகாவாட், 2016ல வந்துச்சு, அப்ப ஒரே இடத்துல உலகத்துலயே பெருசுன்னு பேசுனாங்க. நெசமாவே பிரமாண்டம். ஆனா பேனலுக்கு சம்பளம் இல்ல, டீ குடிக்கவும் வராது. வழுதூர்ல எங்க மண்ணுல எடுக்குற கேஸுல 187 மெகாவாட்டு ஓடுது, உப்பூர்ல 1,600 மெகாவாட்டு அனல் மின் நிலையம் கட்ட ஆரம்பிச்சு 2021ல பாதியில விட்டாங்க. கரண்டுக்கு எங்க மாவட்டத்துல பஞ்சமே இல்ல, அந்தக் கரண்டுல ஓடுற ஆலை தான் உங்க ஓசூர்ல இருக்கு.

கேள்வி: என் பொண்ணுக்கு சாயல்குடி பக்கம் கடற்கரை ஊர்ல இருந்து ஒரு வரன் வந்திருக்கு. பையன் உப்பளத்துல சூப்பர்வைசர், நல்ல பையன். ஆனா சொந்தக்காரங்க எல்லாம் "புள்ளைய கொண்டுபோயி தண்ணியில்லா காட்டுல தள்ளுறியா"ன்னு கரிச்சுக் கொட்டுறாங்க. உங்க ஊருக்காரரா இல்லாம, ஒரு அண்ணனா பதில் சொல்லுங்க. – ஒரு தாய், மதுரை

அண்ணனாவே சொல்றேன் தங்கச்சி, மறைக்காம.

தண்ணி: திருச்சி பக்கம் இருந்து காவிரித் தண்ணி குழாயில வருது, ஆனா தினம் வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். வராத நாளு டிராக்டர்ல, தள்ளுவண்டியில காசு குடுத்து வாங்கணும். வீட்டுல சின்டெக்ஸ் எத்தனை லிட்டர்னு பையனோட அம்மாகிட்ட தயங்காம கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க, இங்க பொண்ணு பாக்க வந்தாலே அதத்தான் முதல்ல கேப்பாங்க. துணி துவைக்க கிணத்துத் தண்ணி, கொஞ்சம் உப்பு கரிக்கும், உங்க பொண்ணுக்கு முடி நீளம்னா அதுக்கு மட்டும் நல்ல தண்ணி ஒரு குடம் தனியா எடுத்து வைக்கணும், என் சம்சாரம் முப்பது வருஷமா அப்படித்தான் வைக்குது. அதுவும் மதுரைப் பொண்ணு தான்.

வெயில் காலத்துல உப்பளத்துக்காரன் காலையில இருட்டோட போயிருவான். மழை மாசத்துல வேலை குறையும், அப்ப மாப்பிள்ளை வீட்டுலயே கிடப்பாரு, அது நல்லதா கெட்டதான்னு ஒரு வருஷம் கழிச்சு உங்க பொண்ணு சொல்லும். மீனு பஞ்சமில்லாம கிடைக்கும், காரத்துக்கு எங்க குண்டு மிளகாய் இருக்கு, நுங்கு பதநீ கருப்பட்டி எல்லாம் வாசலுக்கே வரும். ஆஸ்பத்திரின்னா கொஞ்சம் தூரம் தான், பெரிய வைத்தியத்துக்கு உங்க மதுரைக்கு தான் வரணும், பிரசவம் எப்படியும் தாய் வீட்டுல தானே.

சொந்தக்காரங்க பேச்ச விடுங்க, அதுல எத்தனை பேரு நேர்ல வந்து பாத்தவங்கன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. பொண்ண கூட்டிட்டு சித்திரை வெயில்ல ஒரு நாளு வந்து அந்த ஊர்ல தங்கிப் பாருங்க, மார்கழியில வந்தா எல்லா ஊரும் அழகாத்தான் தெரியும். அதுக்கப்புறமும் பொண்ணு சரின்னா எனக்கு ஒரு பத்திரிகை அனுப்புங்க, மொய்யோட வந்துருவேன். பந்தியில உப்பு கம்மின்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல முடியாது.